பெக்கோலாவின் ஜெபம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், லொரெய்ன் என்று ஓர் எஃகு ஆலை நகரம். 1930களின் பிற்பகுதியில் அங்கே இரண்டு கறுப்பினச் சிறுமிகள் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று வாதாடினார்கள். இருக்கிறார் என்றாள் ஒருத்தி. இல்லை என்றாள் மற்றவள். அவளிடம் ஆதாரம் இருந்தது. நீலக் கண்கள் வேண்டுமென்று நெடுநாளாக ஜெபித்துப் பார்த்துவிட்டாள், கிடைக்கவில்லை.

இருக்கிறார் என்று சொன்ன சிறுமியின் பெயர் குளோயி வோஃபர்ட். பன்னிரண்டாம் வயதில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, பதுவை அந்தோனியாரின் பெயரை ஞானஸ்நானப் பெயராக எடுத்துக்கொண்டவர். அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் ‘டோனி’. 1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன் அவர். தோழி அந்த ஜெபத்தைப் பற்றிச் சொன்னபோது அவளைத் திரும்பிப் பார்த்ததாகவும், அந்தக் கறுத்த முகத்தில் நீலக் கண்களைப் பொருத்திக் கற்பனை செய்தபோது அருவருப்பில் உடல் கூசியதாகவும் பின்னாளில் எழுதினார். வெளியே அனுதாபம் காட்டியிருக்கிறார். உள்ளே கோபம். அந்தக் கோபம் முப்பது ஆண்டுகள் அவருக்குள் கிடந்து, 1970இல் ‘தி புளூயஸ்ட் ஐ’ என்ற முதல் நாவலாக வெளிவந்தது.

நான் இறையியல் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனமும் பாட்டும் ஜெபமும் சொல்லிக் கொடுக்கிறேன். ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் லொரெய்ன் சிறுமியின் வாதத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அப்பா குடிக்கக் கூடாது, ஆச்சிக்கு மூட்டுவலி போக வேண்டும், கணக்குப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்றெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டது நடக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லச் சபையில் தலைமுறை தலைமுறையாகப் பதில்கள் உண்டு. ‘என்னை நானாக இல்லாமல் ஆக்கும்’ என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? தாம் உண்டாக்கிய முகத்துக்கு எதிராக, அந்த முகமே வைக்கும் விண்ணப்பத்தை உண்டாக்கினவர் எப்படிக் கேட்பார்?

இதற்கு இரண்டு பதில்கள் சட்டென்று வரும். பிரசங்க மேடையில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். ஒன்று, அழகு வீண், கேட்கத் தகாததைக் கேட்கிறாய் என்பது. மற்றது, ஆண்டவர் உன்னை அழகாகத்தான் படைத்திருக்கிறார், நீ அப்படியே அழகு என்பது. மாரிசனின் நாவலைப் படித்தபின் இரண்டும் என் வாயில் வருவதில்லை. நாவலின் சிறுமி பெக்கோலா பிரீட்லவ் கேட்டது அழகையே அல்ல.

கதை 1940 இலையுதிர் காலத்தில் தொடங்கி 1941 கோடையில் முடிகிறது. பெக்கோலாவுக்குப் பதினொரு வயது. ஒரு காலத்தில் கடையாக இருந்த இடத்தில் குடியிருக்கிறது குடும்பம். அப்பா சோலி குடிகாரன். அம்மா பாலின் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்கிறாள். இருவரும் மூர்க்கமாக அடித்துக்கொள்வார்கள். அண்ணன் சாமி வீட்டை விட்டு ஓடிவிடுவான். பெண் குழந்தையான பெக்கோலாவால் ஓட முடியாது. போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்னை மறைந்துபோகச் செய்யும் என்று கடவுளிடம் கெஞ்சுவாள். விரல்கள் மறையும். கைகள், கால்கள், மார்பு, முகம் என ஒவ்வொன்றாக மறையும். கண்கள் மட்டும் போகாது. எல்லாக் காட்சியும் அந்தக் கண்களுக்குள்தான் இருக்கிறது, அவை எப்படிப் போகும் என்று அவளே யோசிக்கிறாள். அங்கிருந்துதான் அந்த எண்ணம் பிறக்கிறது. கண்கள் வேறாக இருந்தால், அழகாக இருந்தால், அப்பாவும் அம்மாவும் வேறுமாதிரி இருப்பார்கள். இவ்வளவு அழகான கண்களுக்கு முன்னால் கெட்ட காரியம் செய்யக் கூடாது என்று அவர்களுக்கே தோன்றும்.

இந்த இடத்தை எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அழகு பற்றிய நாவல் என்று இதைச் சொல்லிச் சொல்லி, அந்தக் குழந்தை எதற்காக அழகைக் கேட்டாள் என்பதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். வீட்டில் சண்டை நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஜெபம். அப்பா குடிக்கக் கூடாது என்று எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் கேட்கிறானே, அதே ஜெபம். அவன் நேராகக் கேட்கிறான். பெக்கோலாவுக்கு நேராகக் கேட்கத் தெரியவில்லை. நடப்பதற்கெல்லாம் காரணம் தன் முகம் என்று அவள் நம்பிவிட்டாள். அடிக்கிறவனை மாற்றும் என்று கேட்க வேண்டிய குழந்தை, அடிபடுகிற என்னை மாற்றும் என்று கேட்கிறது. இதைப் பெருமை என்றோ மாயை என்றோ கண்டிக்கிற பிரசங்கம் ஆளையே தவறாகப் பிடித்துக்கொள்கிறது. ‘நீ அப்படியே அழகு’ என்று தட்டிக்கொடுப்பதும் உதவாது. அந்த ஆறுதலைக் கேட்டுவிட்டு அவள் போய்ப் படுக்க வேண்டியது அதே வீட்டில்தான்.

அந்த நம்பிக்கையை அவளுக்குள் யார் வைத்தது? நாவலில் ஒருவர் இருவரைச் சுட்டி முடித்துவிட முடியாது. அதுதான் மாரிசனின் பலம். தோழி கிளாடியாவின் வீட்டில் சில நாள் தங்கும்போது பெக்கோலா ஷெர்லி டெம்பிள் படம் போட்ட நீலநிறக் கோப்பையிலேயே பால் குடிக்க ஆசைப்பட்டு, வீட்டுப் பாலையெல்லாம் தீர்த்துவிடுகிறாள். ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். தங்கச் சுருள்முடி, குழி விழும் கன்னம். இனிப்பு வாங்கப் பெக்கோலா கடைக்குப் போகிறாள். மிட்டாய்க் காகிதத்தில் மேரி ஜேன் என்ற வெள்ளைச் சிறுமி நீலக் கண்களோடு சிரிக்கிறாள். கடைக்காரர் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர். காசை வாங்க வேண்டுமானால் கையைத் தொட வேண்டியிருக்கும், அதற்கே தயங்குகிறார். அவர் திட்டவில்லை, விரட்டவில்லை. அவள் நிற்கிற இடத்தில் ஒருவர் நிற்பதாகவே அவர் பார்வைக்குப் படவில்லை. மூன்று காசுக்கு ஒன்பது மிட்டாயோடு வெளியே வந்தவளுக்குக் கோபம் எட்டிப்பார்க்கிறது. அது அடங்கி அவமானமாகிவிடுகிறது. அந்த அவமானத்தை விழுங்க அவள் தின்பதும் அந்த நீலக்கண் மிட்டாயைத்தான்.

அம்மா பாலின் திருமணமான புதிதில் தனிமை தாங்காமல் சினிமாவுக்குப் போகிறவள். நடிகை ஜீன் ஹார்லோ மாதிரித் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்து படம் பார்த்த நாளில், மிட்டாயைக் கடித்தபோது முன்பல் விழுந்துவிடுகிறது. அன்றோடு அவள் தன்னை அழகற்றவள் என்று தீர்த்துக்கொள்கிறாள். பிறகு வேலை செய்யும் வீட்டில் ஒரு மஞ்சள் தலைமுடிக் குழந்தை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. சொந்த மகளோ அம்மாவை ‘மிசஸ் பிரீட்லவ்’ என்றுதான் அழைக்கிறாள். ஒருநாள் அந்த வீட்டுச் சமையலறையில் பெக்கோலாவின் கைபட்டு, சூடான பழப் பண்டம் கீழே கவிழ்ந்து அவள் காலைச் சுட்டுவிடுகிறது. அம்மா ஓடிவந்து மகளை அடிக்கிறாள், அழும் வெள்ளைக் குழந்தையைத் தேற்றுகிறாள். நாவலில் என்னால் திரும்பப் படிக்க முடியாத பக்கம் அதுதான். சோலியின் கொடுமை இதைவிடப் பல மடங்கு பெரியது. பெற்ற மகளையே பலாத்காரம் செய்கிறவன் அவன். ஆனாலும் அந்தச் சமையலறையில்தான் குழந்தையின் கடைசிக் கதவு சாத்தப்படுகிறது என்று எனக்குப் படுகிறது.

இது ஒரு நாவலாசிரியையின் கற்பனை மட்டுமல்ல. அதே காலத்தில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் நிறம் தவிர வேறு வேறுபாடில்லாத பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது உன்னைப் போன்றது என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். உன்னைப் போன்றது எது என்ற கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தந்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இருக்கிறது.

பெக்கோலா ஜெபித்த கடவுளுக்கு என்ன முகம் இருந்திருக்கும்? கதை நடக்கும் அதே 1940இல், சிகாகோவில் வார்னர் சால்மன் என்ற ஓவியர் ‘கிறிஸ்துவின் தலை’ என்ற படத்தை வரைந்தார். தோளில் புரளும் வெளிர்பழுப்புத் தலைமுடி, பொன்னொளி படிந்த வெள்ளை முகம். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் சட்டைப் பைக்கு அது சிறு அட்டையாகப் போனது. கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவியது. எங்கள் வீட்டு முன்னறையிலும் அந்தப் படம் தொங்கியது. அதன்கீழ் முழங்காலிட்டுத்தான் நாங்கள் குடும்ப ஜெபம் பண்ணினோம். பாலஸ்தீன நாட்டு யூதத் தச்சர் ஒருவர் இந்த நிறத்தில் இருந்திருக்க மாட்டார் என்று அறிவியல் ஆசிரியையாகிய எனக்குத் தெரியும். குழந்தைக்கு அது தெரியாது. தனக்கு வேண்டியதையெல்லாம் தரக்கூடியவர் எந்த நிறம் என்று அதற்குப் படம் சொல்லிவிடுகிறது.

கிரேக்கத் தத்துவவாதி செனோஃபனிஸ் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே இதைக் கவனித்தவர். எத்தியோப்பியர் தம் தெய்வங்களைக் கறுப்பாகவும் சப்பை மூக்கோடும் காண்கிறார்கள், திரேசியர் நீலக் கண்ணும் செந்தலையுமாகக் காண்கிறார்கள் என்றார் அவர். மனிதர் அவரவர் சாயலில் தெய்வத்தைச் செய்துகொள்கிறார்கள் என்பது அவருடைய குறை. பெக்கோலாவின் காரியம் அதனினும் மோசம். அவளுடைய சாயலில் தெய்வம் செய்துகொள்ளும் உரிமைகூட அவளுக்கு இல்லை. அடுத்தவர் சாயலில் செய்த தெய்வத்திடம், அந்தச் சாயலைக் கொஞ்சம் எனக்கும் தாரும் என்று கேட்கிறாள். நாவல் வெளிவந்த அதே 1970இல் ஜேம்ஸ் கோன் என்ற கறுப்பின இறையியலாளர் ‘கறுப்பு விடுதலை இறையியல்’ குறித்த தம் நூலில், ஒடுக்கப்பட்டவரோடு நிற்பதால் கடவுள் கறுப்பர் என்று வாதிட்டார். இதைப் பலர் அரசியல் கோஷம் என்று தள்ளுகிறார்கள். போர்வைக்குள் கண்ணை மூடிக் கிடக்கும் ஒரு குழந்தையை நினைத்துக்கொண்டு படித்தால் அது மேய்ப்பன் செய்ய வேண்டிய வேலையாகத் தெரியும்.

லொரெய்ன் எங்களூருக்கு அத்தனை தொலைவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது ‘செவத்த பிள்ளை’ மரியாளாகவும் தேவதூதராகவும் நிற்பதும், கறுத்த பிள்ளைகள் மேய்ப்பர்களாகப் போர்வை போர்த்தி உட்காருவதும் யாரும் சொல்லிவைக்காமலே நடக்கும். ஒரு வருஷம் காபிரியேல் தூதனின் வசனத்தை எங்கள் வகுப்பிலேயே கறுத்த சிறுமியிடம் கொடுத்தேன். அவளுக்குக் கணீரென்ற குரல். ஒத்திகையில் அவள் பேசினால் கோயிலின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். நாடகத்தன்று அவளை அழைத்து வந்த அம்மா முகத்திலும் கழுத்திலும் பவுடரை அப்பி, சாம்பல் பூசினாற்போல் ஆக்கியிருந்தாள். ‘தூதன்னா வெள்ளையா இருக்கணும்லாக்கா’ என்றாள் என்னிடம். அந்த அம்மா மகள்மேல் உயிரையே வைத்திருந்தவள். கடன் வாங்கி வெள்ளை உடுப்புத் தைத்திருந்தாள். குழந்தை யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வசனத்தைச் சொல்லி முடித்தபோது நாலாவது பெஞ்சில்கூடக் கேட்கவில்லை.

அன்போடு செய்வதும் இந்த வேலையைத்தான் செய்யும் என்பதை அன்று பார்த்தேன். பாலின் பிரீட்லவைப் படித்தபோது அந்த அம்மாவின் கைவிரல்களில் ஒட்டியிருந்த பவுடர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அழகு விஷயத்தில் வேதபுத்தகம் ஒரே சுருதியில் பேசவில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனிதன் முகத்தைப் பார்க்கிறான், ஆண்டவரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேலுக்குச் சொல்லப்படுவது முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில். சில வசனங்கள் தள்ளி, அதே அதிகாரத்தில், தாவீதின் சிவந்த மேனியும் அழகான கண்களும் வர்ணிக்கப்படுகின்றன. எழுதியவருக்கே அழகை விட மனமில்லை. ஏசாயா 53இல் வரும் ஊழியனுக்கோ அழகும் இல்லை, நாம் விரும்பத்தக்க ரூபமும் இல்லை. சபை அவரைக் கிறிஸ்துவாகக் கண்டது. சால்மனின் தூரிகை அவரை அழகனாக்கிவிட்டது.

எனக்கு அதிகம் உதவுகிறவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி லேயாள். அவளுடைய கண்களில் குறை இருந்தது என்று ஆதியாகமம் சொல்கிறது. தங்கை ராகேல் அழகி, யாக்கோபின் மனம் அவள்மேல். லேயாள் வெறுக்கப்பட்டதை ஆண்டவர் கண்டார் என்று கதை போகிறது. அவள் கண்ணை அவர் மாற்றவில்லை. மற்றொருத்தி ஆகார், எகிப்திலிருந்து வந்த அடிமை. எஜமானியின் கொடுமைக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடினவள். வேதாகமத்தில் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிற முதல் ஆள் அவள்தான். தன்னைக் காண்கிறவர் என்று பெயர் வைக்கிறாள். டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பின இறையியலாளர் 1993இல் எழுதிய ‘வனாந்தரத்துச் சகோதரிகள்’ என்ற நூலை ஆகாரின் கதைமேல்தான் கட்டினார். கதை இனிப்பானதல்ல என்பதையும் அவர் அழுத்திச் சொல்கிறார். ஆகாரைத் திரும்பி அதே வீட்டுக்குப் போகச் சொல்கிறார் கடவுள். ஆனாலும் அவள் காணப்பட்டாள். பெக்கோலாவுக்கு அது வாய்க்கவில்லை. மிட்டாய்க் கடைக்காரரின் கண்ணில் அவள் படவில்லை. பள்ளியில் அவளோடு யாரும் பெஞ்சைப் பகிர்ந்துகொள்ளவில்லை. பெற்ற தாயின் கண்ணில் கொட்டிப்போன பண்டமும் அழுகிற எஜமானி மகளும் பட்டார்கள், வெந்த கால் படவில்லை.

அவளுடைய ஜெபம் கடைசியில் கேட்கப்படுகிறது. நாவலின் பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. தகப்பனால் சீரழிக்கப்பட்டுக் கருவுற்ற பெக்கோலா, சோப்ஹெட் சர்ச் என்று ஊரார் அழைக்கும் ஒருவனைத் தேடிப் போகிறாள். மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தவன். வெள்ளைக்கார முன்னோர் இரத்தம் தங்களுக்குள் ஓடுவதைத் தலைமுறைகளாகப் பொத்திப் பாதுகாத்த குடும்பம் அவனுடையது. போதகராகப் போக இருந்து, அது நடக்காமல், கனவுக்குப் பலன் சொல்லியும் ஆலோசனை சொல்லியும் பிழைக்கிறான். நீலக் கண்கள் வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அவன் மனம் உருகுகிறது. தனக்குப் பிடிக்காத ஒரு கிழட்டு நாய்க்கு விஷம் தடவிய இறைச்சியை அவள் கையாலேயே போடவைத்து, நாய் துடித்தால் உன் விருப்பம் நிறைவேறியதென்று அர்த்தம் என்கிறான். நாய் துடித்துச் சாகிறது. அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது. அன்றுமுதல் தனக்கு நீலக் கண்கள் இருப்பதாக நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

பிறகு அவன் உட்கார்ந்து கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறான். பிள்ளைகளை ஏன் மறந்தீர், அவள் கேட்டதை நீர் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன் என்று நீள்கிறது அது. தத்துவ உலகில் இந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. 1880இல் தாஸ்தாயெவ்ஸ்கியின் நாவலில் வரும் இவான் கரமசோவ், பெற்றோரால் வதைக்கப்பட்டு இருட்டில் கடவுளை நோக்கி அழுத ஒரு சிறுமியைக் காட்டி, இந்த ஒரு கண்ணீருக்கு ஈடாக எந்தச் சொர்க்கமும் எனக்கு வேண்டாம் என்றான். அவன் மனம் சுத்தமானது. அதே வழக்கை மாரிசன் யார் வாயில் வைக்கிறார்? சோப்ஹெட் சர்ச் சிறுமிகளைத் தொட்டு விளையாடுகிறவன். கடிதத்திலேயே அதை ஒப்புக்கொள்கிறான், அதில் தீங்கில்லை என்றும் வாதாடுகிறான். நாவல் முழுவதிலும் கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திச் சத்தமாகக் கேள்வி கேட்கிற ஒரே ஆள், குழந்தைகளைக் கெடுப்பவன். கேட்டு முடித்ததும் நிம்மதியாகத் தூங்கிப்போகிறான்.

இதை மாரிசன் நினைத்துச் செய்தார் என்றே நம்புகிறேன். கேட்கிறவன் அயோக்கியன் என்பதால் கேள்வி பொய்யாகிவிடாது. கடவுள் ஏன் சும்மா இருந்தார் என்று கேட்கப் பெக்கோலாவுக்கு முழு உரிமை உண்டு. சாம்பலில் உட்கார்ந்த யோபுவுக்கு அந்த உரிமை இருந்தது. அவனுக்கு விளக்கம் சொல்ல வந்த சிநேகிதர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்து வீட்டில், அடுத்த பெஞ்சில், கடையில், கோயிலில் இருந்த நமக்கு அந்தக் கேள்வி ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. கடவுள் ஏன் அனுமதித்தார் என்று ஆழ்ந்து யோசிக்கும் நேரத்தில், நாங்கள் ஏன் அனுமதித்தோம் என்ற கேள்வி மறைந்துபோகிறது. நீலக் கண்கள் வேண்டுமென்ற ஜெபத்துக்கு லொரெய்ன் நகரம் முன்னமே பதில் சொல்லியிருந்தது. ஆம், உன் கண்கள் சரியில்லைதான் என்று ஒவ்வொருவராகச் சொல்லியிருந்தார்கள். சோப்ஹெட் அந்தப் பதிலுக்குக் கையெழுத்துப் போட்டவன்.

இந்த நாவலில் உண்மையான பக்தி ஒரே ஓரிடத்தில் இருக்கிறது. கிளாடியாவுக்கு ஒன்பது வயது, அக்கா ஃப்ரீடாவுக்குப் பத்து. கிளாடியா, பரிசாகக் கிடைத்த நீலக்கண் பொம்மைகளை, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பிய்த்துப் பார்த்தவள். பெக்கோலாவின் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஊரார் பேசுவதை இருவரும் ஒட்டுக்கேட்கிறார்கள். எல்லோருக்கும் அருவருப்பு, சிலருக்குச் சிரிப்பு. ஐயோ பாவம் என்று ஒரு குரலைச் சிறுமிகள் தேடிப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை. பிள்ளை செத்துப் பிறப்பதே நல்லது என்கிறார்கள் பெரியவர்கள். அந்தக் கறுப்புக் குழந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்று உலகத்தில் யாராவது ஒருவர் ஆசைப்பட வேண்டும் என்று கிளாடியாவுக்குத் தோன்றுகிறது. சைக்கிள் வாங்கச் சேர்த்த இரண்டு டாலரைப் புதைத்து, விற்க வைத்திருந்த சாமந்தி விதைகளைக் கொல்லையில் விதைத்து, ஒரு மாதம் நல்ல பிள்ளைகளாக இருப்போம் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள்.

விதைகள் முளைக்கவில்லை. குழந்தை குறைமாதத்தில் பிறந்து இறந்துபோகிறது. அப்படியானால் இந்த ஜெபமும் தோற்றதுதானே என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர் கேட்டார். தோற்றதுதான். அதை நான் வேறு எப்படியும் விளக்கிச் சரிக்கட்ட விரும்பவில்லை. ஆனால் பெக்கோலாவைப் பார்த்துவிட்டு, மாற வேண்டியது அவள் என்று நினைக்காதவர்கள் அந்த இரண்டு சிறுமிகள் மட்டுமே. தங்களுக்கு அருமையான ஒன்றை அவளுக்காக இழந்தவர்களும் அவர்கள் மட்டுமே. ஊரில் பத்துப் பெரியவர்கள் அந்தச் சைக்கிள் காசு அளவுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அற்புதம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

வளர்ந்த கிளாடியா பின்னாளில் தங்களையும் விடுவதில்லை. பெக்கோலாவின் அவலட்சணத்துக்குப் பக்கத்தில் நின்றதால் நாங்கள் அழகானோம், அவள் துயரத்தால் எங்களைச் சுத்தமாக்கிக்கொண்டோம் என்ற பொருளில் பேசுகிறாள். படிக்கிற நம்மை நோக்கியும் அந்தப் பேச்சு வருகிறது. நாவலைப் படித்தவர்கள் மனம் இளகினார்களே தவிரத் தங்களைக் கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை என்று 1993இல் எழுதிய பின்னுரையில் மாரிசன் வருந்தினார். கண்ணீர் விட்டு மூடிவைக்க இது ஏற்ற புத்தகம்தான், அதனாலேயே கவனமாக இருக்க வேண்டும். பெக்கோலாவுக்காக அழுவது சுலபம். பாலினுடைய சமையலறையில் தன்னைத் தேடிப் பார்ப்பது கடினம்.

அமெரிக்காவில் பள்ளி நூலகங்களிலிருந்து இந்த நாவலை நீக்கச் சொல்லி இன்றும் புகார்கள் வருகின்றன. 2022இல் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் மூன்றாம் இடம். பிள்ளைகள் படிக்கத் தகாத காட்சிகள் உண்டு என்கிறார்கள். உண்டு. பதினொரு வயதுக் குழந்தை வாழத் தகாத வாழ்க்கையும் அதில் உண்டு. சிறு பிள்ளைகளிடம் நானும் இதைக் கொடுக்க மாட்டேன். அவர்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிற ஒவ்வொருவரும், போதகர்கள் உட்பட, படித்தே ஆக வேண்டும்.

சிவப்பாக வேண்டும், வேறு முகம் வேண்டும், காணாமலே போய்விட வேண்டும் என்று உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஜெபித்தால், நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்காதீர்கள். வகுப்பு முடிந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள், பிள்ளை சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். குழந்தைமேல் பாலியல் குற்றம் நடப்பது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணம் கிடையாது. இரவிலும் எடுப்பார்கள்.